கார் கம்பெனி ஸ்பீக்கரில் வில்லுப்பாட்டுக் குடம் கேட்கவே மாட்டேன் என்கிறது: எதை மாற்றலாம்?

களக்காட்டுக்காரன்:

வணக்கம் அண்ணாச்சிமாரே. 2017இல் வாங்கிய சின்ன ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். வீடு களக்காடு, வேலை வண்ணார்பேட்டை. போக வர தினமும் 80 கிலோமீட்டர் கூடக்குறைய ஆகும். அந்த நேரம் முழுக்க வில்லுப்பாட்டுதான். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் மைக்செட்காரர் மிக்ஸரில் இருந்து நேராகப் பிடித்துக் கொடுத்த பென்டிரைவ் ஒன்று இருக்கிறது.

அதை வீட்டில் ஹெட்போனில் கேட்டால் குடத்தின் வாயில் மட்டை விழும் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழுகிறது. காரில் போட்டால் வில்லில் கட்டின மணி மட்டும் ஜலங் ஜலங் என்று காதைக் குத்துகிறது. குடம் எங்கே போனதென்றே தெரியவில்லை. சத்தத்தைக் கூட்டினால் இடதுபக்கக் கதவின் உள்மூடியான டோர் பேட் டர்ர்ர் என்று அதிர்கிறது.

கடையில் கேட்டதற்கு நாலு ஸ்பீக்கர், பவர் கூட்டுகிற ஆம்ப், டிக்கியில் கீழ்ச்சத்தத்துக்குப் பூஃபர் பெட்டி என்று 35,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். என் கையில் இருப்பது 10,000. டிக்கியையும் விட்டுத்தர முடியாது, மாதம் இரண்டு தடவையாவது அதில் ஏத்தன் வாழைத்தார் ஏறும். ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் தேறுமா? நாலையும் மாற்றணுமா?

நெல்லை டூரர்:

பூஃபர் இல்லாமல் பேஸ் வராது ப்ரோ. டிக்கி வேண்டாம் என்றால் சீட்டுக்கு அடியில் வைக்கிற 8 இஞ்சு ஆக்டிவ் வூஃபர் பாருங்கள். உள்ளேயே ஆம்ப் இருக்கும்.

பாளை வயர்மேன்:

டூரர் தம்பி சொல்வது தப்பில்லை, ஆனால் அது கடைசிப் படி. களக்காட்டு அண்ணாச்சி, காசை வெளியே எடுக்கும் முன் அந்த டர்ர்ர் சத்தம் வருகிற டோர் பேடைக் கழற்றி உள்ளே பாருங்கள்.

பிளாஸ்டிக் பிரேமில் ஒரு பேப்பர் கோன், அதன் முதுகில் தட்டை முறுக்கு அளவுக்கு ஒரு காந்தம் இருக்கும். கம்பெனி ஸ்பீக்கர் பெரும்பாலும் இவ்வளவுதான். அதைவிட முக்கியம், ஸ்பீக்கரைச் சுற்றி உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். மேலே வெறும் பிளாஸ்டிக் தாள். கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்சத்தமும் பின்சத்தமும் அந்த ஓட்டை வழியாகச் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மணிச்சத்தத்துக்கு இதில் பெரிய சேதம் கிடையாது. அலை நீளமான கீழ்ச்சத்தம்தான் சாகும். உங்கள் குடம் போன வழி அதுதான்.

அதனால் முதல் செலவு பியூட்டைல் ஷீட், தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டுகிற ரப்பர் மாதிரியான தாள். ஓட்டைக்குள் கையை விட்டு வெளித்தகட்டின் உள்பக்கம் ஒட்டி, ரோலரால் நன்றாக அழுத்துங்கள். அப்புறம் உள்தகட்டு ஓட்டைகளை மூடுங்கள். தார் ஷீட் மலிவு என்று வாங்கி ஒட்டிவிடாதீர்கள், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இளகி வண்டியெல்லாம் நாறும். கதவின் அடியில் இருக்கும் சின்னத் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. சாரல் நேரத்தில் தென்காசிப் பக்கம் போனால் கண்ணாடியில் வழிகிற தண்ணீர் கதவுக்குள் இறங்கி அந்த வழியாகத்தான் வெளியேறணும்.

ஸ்பீக்கர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 300 வாட்ஸ் என்று போட்டிருப்பதை நம்பி எடுக்காதீர்கள். கார் ஸ்டீரியோ செட்டில் 50 × 4 என்று எழுதியிருந்தாலும் அதனுள் இருக்கும் ஆம்ப் ஐசி ஒரு ஸ்பீக்கருக்கு விடாமல் தருவது 15, 20 வாட்ஸ்தான். அதற்குச் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கிற பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்கிற அளவு, 90 டெசிபலுக்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம் இருந்தால் போதும்.

முன்னால் மட்டும் ஆறரை இஞ்சுக் காம்போனென்ட் செட், மேல்சத்தம் பாடும் சின்ன ட்வீட்டர் தனியாக வருவது. பின்னால் இருப்பதைத் தொட வேண்டாம். கொடையில் வில்லுப்பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டா உட்காருவீர்கள்? ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கிற ஸ்பேசர் ரிங் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள், மரத்தூள் பலகையான எம்டிஎஃப் கதவு ஈரத்தில் ஊறிப்போகும். கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தத்தில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகு ஸ்க்ரூ போடுங்கள். வயரை வெட்டாமல் இணைக்கிற கப்ளர் வாங்கி மாட்டுங்கள். செட்டில் கீழ்ச்சத்தத்தை வெட்டுகிற ஹைபாஸ் இருந்தால் 60 அல்லது 80 ஹெர்ட்ஸ் வையுங்கள், அதற்குக் கீழே அந்த ஸ்பீக்கரால் ஒன்றும் ஆகாது.

அம்பை பஸ்காரன்:

ஒன்றை விட்டுவிட்டீர்கள் வயர்மேன் அண்ணாச்சி. பிளஸ் மைனஸ். எனக்கு ஒரு கடையில் ஒரு பக்கம் மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புது ஸ்பீக்கர் போட்டும் பழசைவிடப் பேஸ் கம்மி. ஆறு மாதம் ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். இடது வலது சத்தத்தைப் பங்கிடும் பேலன்ஸை முழுக்க ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். இரண்டும் பாடும்போது இருப்பதைவிட ஒன்று பாடும்போது பேஸ் கூடினால் ஏதோ ஒன்று தலைகீழ். சந்தேகமாக இருந்தால் பென்சில் பேட்டரியை ஸ்பீக்கர் முனையில் ஒரு நொடி தொடுங்கள். பிளஸ் சரியாக இருந்தால் கோன் வெளியே எழும்பும்.

களக்காட்டுக்காரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் நானும் தங்கை மகனுமாக இடது கதவைக் கழற்றினோம். இரண்டு வருடம் முன்பு கண்ணாடி மோட்டார் மாற்றின மெக்கானிக் பிளாஸ்டிக் தாளைப் பாதிக்கு மேல் கிழித்து, கிழிசலை அப்படியே விட்டுப் பேடை மூடியிருக்கிறார். ஸ்பீக்கருக்கு மூன்று ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மற்ற இரண்டில் ஒன்று கதவின் அடியில், காய்ந்த வேப்பிலையோடு கிடந்தது. டர்ர்ர் போட்டது அதுதான்.

முதலில் பழைய ஸ்பீக்கரையே மூன்று ஸ்க்ரூவில் இறுக்கி, இரண்டு கதவுக்கும் ஷீட் ஒட்டிக் கேட்டேன். வயர்மேன் அண்ணாச்சி, குடம் பாதி அப்போதே திரும்பிவிட்டது! அங்கேயே நிறுத்தியிருக்கலாம், ஆசை விடவில்லை. மறு வாரம் 92 டெசிபல் காம்போனென்ட் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். பேட்டரி வைத்துப் பார்த்ததில் வலது பக்கம் நானே மாற்றித்தான் கொடுத்திருந்தேன், பஸ்காரன் அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு. எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய்.

ஹெட்போன் மாதிரி நெஞ்சில் விழவில்லை என்பது உண்மை. ஆனால் மட்டை அடியும் குடத்தின் பக்கத்தில் தட்டுகிற தட்டும் இப்போது வேறு வேறாகக் கேட்கின்றன. பாட்டு முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்து எழும்பி டேஷ்போர்டு மேலே வந்துவிட்டது. பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடும் முன் இருமுவதுகூடக் கேட்கிறது, இத்தனை நாள் அது எனக்குத் தெரியாது.

நேற்று அம்மாவை ஏற்றிக்கொண்டு நாங்குநேரி வரை போனேன். பின்சீட்டில் இருந்துகொண்டு, “என்னல, பாட்ட நிப்பாட்டிட்டியா?” என்று கேட்டாள். முன்பின் சத்தத்தைப் பங்கிடும் ஃபேடரை இரண்டு புள்ளி பின்னால் தள்ளியிருக்கிறேன்.