பெருந்தொற்றுக் காலச் செவிலியர்களின் மனத்திண்மை: உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்ததற்குப் பிந்தைய மாதங்களில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றிய செவிலியர்களின் மனத்திண்மை குறித்து முதுநிலை ஆய்வு செய்து வருகிறேன். நானும் அப்பணியில் இருந்தவள். முழுக் கவச உடைக்குள் தண்ணீர்கூட அருந்தாமல் நின்ற மணிக்கணக்கான நேரத்தைவிட, உறவினர் எவரும் அருகில் இல்லாமல் இறந்தவர்களின் கைகளைப் பற்றியிருந்த நிமிடங்களே இன்றும் என் உறக்கத்தைக் கலைக்கின்றன.

மனத்திண்மையை அளக்கப் பயன்படும் வினாப்பட்டியலான கானர்–டேவிட்சன் அளவுகோலின் 25 கூற்றுகள் ஒருவரின் தாங்கும் திறனை மதிப்பெண்ணாகக் காட்டுகின்றனவே தவிர, அவரைத் தாங்கிப் பிடித்தது எது என்பதை முழுமையாகச் சொல்வதில்லை. ஆள் பற்றாக்குறையையும் ஓய்வற்ற பணிநேரத்தையும் மறந்துவிட்டு, மனத்திண்மையைத் தனிமனிதக் குணமாக மட்டும் பார்ப்பது அநீதி என்றே கருதுகிறேன்.

ஆகவே, அக்காலத்தில் பணியாற்றிய மருத்துவர்கள், செவிலியர்கள், தூய்மைப் பணியாளர்கள் அனைவரிடமும் கேட்கிறேன்: உங்களை நிலைநிறுத்தியது சக ஊழியருடன் பேசிய சில நிமிடங்களா, மேலாளரின் ஆதரவா, முறையான உளவியல் ஆலோசனையா? உதவி என்ற பெயரில் வழங்கப்பட்டும் பயன்படாமல் போனது எது? பெயரோ மருத்துவமனையின் விவரமோ வேண்டாம். நினைவுகூர்வதே வேதனையாக இருப்பவர்கள் தயவுசெய்து தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். மற்றவர்கள் எனக்குத் தனிச்செய்தியில் எழுதலாம்.