தரிசு கொல்லையில பறவை எச்சம் மூலமா நாட்டு மரம் வர வைக்கலாமா?

செம்மண்கொல்லை:
புதுக்கோட்டை பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் மானாவாரி கொல்லை, தாத்தா காலத்துல கடலை வரகு போட்டது, இப்ப எல்லாரும் வெளியூருக்கு வந்துட்டதால பல வருஷமா தரிசு. பாதிக்கு மேல சீமைக்கருவேலம், மீதி புல்லு. கன்னு நட்டு தண்ணி ஊத்த ஆள் இல்ல. ஆனா நடுவுல நிக்கிற ஒத்தப் பனைக்கு அடியில மட்டும் வேம்பு, சங்கஞ்செடி, சூரைமுள்ளு எல்லாம் வட்டமா தானா முளைச்சு நிக்குது. காக்கா மைனா எச்சத்துல வந்ததுன்னு அப்பா சொல்றாரு. அப்ப கொல்லை பூரா குச்சி நட்டு வச்சா பறவை வந்து விதை போடுமா? யாராச்சும் செஞ்சு பாத்திருக்கீங்களா?

வேலிக்கிளுவை:
அப்பா சொன்னது சரிதான் தம்பி. பழம் தின்ன கொண்டைக்குருவி, மைனா, குயில் எல்லாம் உக்கார இடம் இருந்தாதான் வரும், வெட்டவெளி புல்லுல எச்சம் ரொம்ப கம்மியா விழும். வயல்ல பறவை உக்காந்து பூச்சி புடிக்கட்டும்னு குச்சி நட்டு வைப்பாங்களே, அந்த பறவைத் தாங்கி மாதிரியே வைக்கலாம், ஆனா ஒத்தக் குச்சிய விட கிளை கிளையா இருக்கற காஞ்ச கொம்பு நல்லது. என்னைக் கேட்டா ஒதியன், ஆலம் போத்து (நட்டா துளிர்க்கிற கிளைத் துண்டு) வெட்டி ஆழமா நடுங்க, துளிர்த்துச்சுன்னா இப்ப உக்கார கொம்பு, பின்னாடி நிழல், ஆலம்பழம் வந்தா பறவை கூட்டமே வரும். ஒண்ணு மட்டும் சொல்றேன், விதை விழறது வேற முளைச்சு நிக்கிறது வேற. கொம்புக்கு அடியில புல்லு மண்டிக் கிடந்தா விதை மண்ணைத் தொடாது, தொட்டு முளைச்சாலும் புல்லு அமுக்கிடும், மிச்சத்த ஆடு மேஞ்சிரும். அதனால அடியில வட்டமா கொத்தி விட்டு சுத்தி முள்ளு போடுங்க. வேப்பம்பழ சீசன் ஆனி ஆடிதான், அதுக்கு முன்னாடியே கொம்பு நின்னாகணும். வேப்பங்கொட்டை ரொம்ப நாள் உயிரோட இருக்காது, சீக்கிரம் ஈரம் பட்டாதான் உண்டு.

கரம்பை:
அண்ணே சொன்னதோட ஒண்ணு. கருவேலத்த மொத்தமா ஜேசிபி விட்டு வழிச்சிராதீங்க ப்ளீஸ். அதுக்குள்ள ஏற்கனவே காரைச்செடி, வேப்பங்கன்னு இருக்கும், குனிஞ்சு பாருங்க. அதைச் சுத்தி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வேரோட எடுங்க, அறுத்து மட்டும் விட்டா மறுபடி தழைச்சிரும். ஆடு மாடு நெத்து தின்னு சாணியில விதைய கொண்டாந்து போடறதால மேய்ச்சல நிறுத்தாம எது பண்ணாலும் வீண்.

நாவல்நிழல்:
பக்கத்துல கோயில்காடு ஏதாச்சும் இருக்கா? அதுதான் முக்கியம். பறவை சாப்பிட்டது கொஞ்ச நேரத்துல வெளிய வந்துரும், ரொம்ப தூரத்துல இருந்து விதை வராது. உங்க பக்கம் சில கோயில்காட்டுல வீரை, காசான், உலக்கைப்பாலை எல்லாம் இன்னும் நிக்குது, எவ்ளோ பெரிய சொத்து! அந்தத் திசையில இருந்து கொம்பு வரிசைய ஆரம்பிங்க. உன்னிச்செடின்னு ஒரு களையும் பறவை எச்சத்துலதான் பரவும், முளைச்சத பாத்த உடனே புடுங்கிருங்க. அப்புறம் மணிப்புறா, கிளி நிறைய வந்தா சந்தோஷப்படாதீங்க, அதுங்க விதையவே அரைச்சு தின்னுரும்.

செம்மண்கொல்லை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். வடக்க ஒரு அய்யனார் கோயில் காடு இருக்கு, நடந்தே போயிரலாம், அப்ப வடக்கு ஓரத்துலயே ஒதியம்போத்து நடறேன். வேலிக்கிளுவை அண்ணே, போத்து எவ்ளோ உயரம் வெட்டணும்?

வேலிக்கிளுவை:
ஆள் உயரத்துக்கு மேல, கை மொத்தத்துல. மேல் நுனியில சாணி அப்பி விடுங்க, காயாது.