தென்பெண்ணை மட்டிகளைச் சோதிக்க உதவி தேவை

அன்புடையீர், வணக்கம்.

பெங்களூருவின் கழிவுநீர் கலந்து, நுரை பொங்கக் கெலவரப்பள்ளி அணைக்கு வரும் தென்பெண்ணையாறுதான் கிருஷ்ணகிரி அணையையும் நிரப்புகிறது. அந்த நீரில் எடுத்த மட்டிகளைக் குழந்தைகளும் உண்பது எனக்குப் பெரும் கவலையளிக்கிறது. மட்டி நீரை வடிகட்டி இரை கொள்வதால் காட்மியம், ஈயம் போன்ற உலோகங்கள் அதன் சதையில் சேர்ந்துவிடும். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அவை அழிவதில்லை. ஆகவே நீரை மட்டும் சோதிப்பது போதாது என்றே கருதுகிறேன்.

பெரும்பாலான கடல் மட்டிகளுக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்துள்ள காட்மிய வரம்பு கிலோவுக்கு 2 மில்லிகிராம்; நன்னீர் மட்டிக்கும் அதையே அளவுகோலாகக் கொள்ளலாமா? தனிநபர் தரும் மாதிரியை ஏற்கும் ஆய்வகம் எது, பனிக்கட்டியில் வைத்து அனுப்பினால் போதுமா, ஒரு மாதிரிக்கு எத்தனை மட்டிகள் வேண்டும் என்பவற்றை மீன்வளத் துறையிலோ உணவுப் பாதுகாப்புத் துறையிலோ பணியாற்றிய உறுப்பினர்கள் தெரிவித்தால், கோடையில் நீர் வற்றுவதற்குள் மாதிரிகளைச் சேகரித்துவிடுவேன்.