நிறம் மாறும் மூக்குக்கண்ணாடி: அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்

பங்சாரில் வேலை செய்பவர்

மாலையில் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் கிள்ளான் பக்கம் போகிறவர்களுக்கு என் சிரமம் புரியும். சூரியன் நேராக முகத்தில் அடிக்கும்போதே தடம் சாலைக்கு அடியில் இறங்கி இருட்டுக்குள் நுழையும். வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் அங்கே கைகொடுப்பதில்லை. புற ஊதாக் கதிர் பட்டால்தான் அது கறுக்கும். தலைக்கவசத்தின் பாலிகார்பனேட் தகடு அந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால், தகட்டை இறக்கினால் லென்ஸ் வெளுத்தே கிடக்கிறது. தூக்கினால் கறுக்கிறது, ஆனால் இருட்டுக்குள் போனபின் தெளிய நிமிடக்கணக்கில் ஆகிறது. உள்ளே தேங்கிய நீரும் மணலும் எங்கே என்று தெரியாமல் ஓட்டுவது உயிரோடு விளையாடுவதுதான். நம் ஊர் வெப்பம் வேறு! சூடு ஏறினால் இந்த லென்ஸ் முழுதாகக் கறுப்பதும் இல்லை.

அண்மையில் அத்தை மகன் மின்சாரத்தால் நிறம் மாறும் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கக் கொடுத்தார். காதோரக் கம்பியைத் தொட்டதும் கண் இமைப்பதற்குள் இருண்டது. மறுபடி தொட்டதும் தெளிந்தது. மெல்லிய ஏடுகளுக்கு நடுவே திரவப் படிகமும் சாயமும் இருக்கின்றன. மின்னழுத்தம் பட்டதும் மூலக்கூறுகள் திரும்பி நின்று ஒளியை விழுங்குகின்றன. புற ஊதாக் கதிருக்கு அது காத்திருப்பதில்லை. எனக்கு வேண்டியது இதுவேதான். ஆனால் என் பவருக்கு அந்த மாடலில் லென்ஸ் கிடையாது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். யாருக்காவது கிடைத்ததா?

பிறையில் வெல்டிங் பட்டறை நடத்துபவர்

தம்பி, எங்கள் தொழிலில் இது பழகிய பொருள். 1981-இல் சுவீடனின் ஹோர்னெல் நிறுவனம் தானாகக் கறுக்கும் ஸ்பீட்கிளாஸ் வெல்டிங் முகமூடியைக் கொண்டுவந்தது. அதற்கு முன் கறுப்புக் கண்ணாடிக்குள் ஒன்றுமே தெரியாது. குறிபார்த்துவிட்டுத் தலையைச் சட்டென ஆட்டி மூடியை இறக்கிய பிறகுதான் பற்றவைக்க வேண்டும், அதற்குள் கை நகர்ந்துவிடும். இப்போது பொறி கிளம்பியதும், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் திரவப் படிகம் கறுத்துவிடுகிறது. புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும் வடிகட்டியோ கறுத்தாலும் கறுக்காவிட்டாலும் எப்போதும் முன்னால் நிற்கிறது. புதிதாகச் சேரும் பையன்களுக்கு இதைத்தான் முதலில் விளக்குவேன். பேட்டரியையும் தினமும் காலையில் பார்க்கச் சொல்வேன்.

ஜார்ஜ் டவுன் ஆசிரியை

போயிங் 787 விமானத்தில் சன்னலுக்கு இழுத்து மூடும் மறைப்பே இல்லை. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி நீலமாக மெல்ல மெல்ல இருள்கிறது. அதுவும் மின்சாரத்தால்தான், ஆனால் மின்வேதி வினையால் நிறம் மாறும் மெதுவான வகை. அந்த வேகம் சுரங்கவழிக்கு உதவாது, அண்ணா. வாங்கும்போது எந்த வகை என்று கேளுங்கள். மின்சாரம் நின்றால் லென்ஸ் தெளிந்துவிடுமா என்றும் கேளுங்கள். வெயில் கண்ணாடிகளில் 4 என்று குறித்த மிக இருண்ட வகை, ஒளியில் 3 முதல் 8 விழுக்காட்டை மட்டுமே விடும். வண்டி ஓட்டும்போது அதை அணியவே கூடாது.