100 மில்லியனுக்குள்ள ஃபான்டசி டீம்: சாலா, ஹாலண்ட், பால்மர் மூண்டு பேரையும் வைச்சிருக்கலாமோ?

இரணைமடு_07:

வணக்கம். கிளிநொச்சி, மாங்குளம், முள்ளியவளைப் பக்கம் இருக்கிற 12 பேர் சேர்ந்து இந்த 2025-26 சீசன் பிரிமியர் லீக் ஃபான்டசியில (உண்மையான வீரர்களை விலைக்கு எடுத்து, அவை மட்சில விளையாடுறதுக்குப் புள்ளி சேர்க்கிற இணைய விளையாட்டு) ஒரு தனி லீக் துவங்கிறம். பாதிப்பேர் முதல்தரம் விளையாடுறவை. 15 ஆகஸ்ட் 2025 வெள்ளி முதல் மட்ச், அதுக்குள்ள டீமை முடிவாக்க வேணும்.

15 பேர் (11 பேர் இறங்க, 4 பேர் பெஞ்சில), 100 மில்லியன், ஒரு கிளப்பில இருந்து 3 பேருக்கு மேல எடுக்கேலாது. இவ்வளவும் விளங்குது. லிவர்பூல் சாலா 14.5, மன்செஸ்டர் சிற்றி ஹாலண்ட் 14.0, செல்சி பால்மர் 10.5 மூண்டு பேரையும் போட்டாச்சு. மிச்சம் 61.0, எடுக்கவேண்டியது இன்னும் 12 பேர். பின்களம் முழுக்க 4.0 ஆக்களா வருது, பெஞ்சில இருக்கிற ஒருத்தரும் தங்கட கிளப்பில விளையாடுற மாதிரித் தெரியேல்லை. இப்பிடியே விடலாமோ, இல்லாட்டி ஆரைக் கழிக்கிறது?

இன்னொண்டு. இப்ப சிறுபோக அறுவடை, அது முடிய காலபோக விதைப்பு. வயலில நிக்கிற ஆக்கள் நாளாந்தம் போனை எடுத்து ஆள் மாத்தேலாது. கிழமையில ஒருக்காப் பார்த்தால் போதும் எண்ட மாதிரி ஒரு டீம் வேணும்.

வவுனிக்குளம்_கப்டன்:

தம்பி, 100 எண்ட இலக்கத்தை ஒருக்காத் தள்ளி வைச்சிட்டு, ஆகக் குறைஞ்ச விலையில 15 பேரை எடுத்தால் எவ்வளவு முடியும் எண்டு பாருங்கோ. கீப்பர் 4.0 படி 2 பேர், 8.0. டிபென்டர் 4.0 படி 5 பேர், 20.0. மிட்பீல்டர் 4.5 படி 5 பேர், 22.5. போர்வேட் 4.5 படி 3 பேர், 13.5. கூட்டினால் 64.0. இந்த 64 எல்லாரும் கட்டியே ஆகவேண்டிய காசு. உங்கட விருப்பத்துக்குச் செலவழிக்கக் கிடைக்கிறது 36.0 தான்.

இனி ஒவ்வொரு ஆளையும் அடிவிலைக்கு மேல எவ்வளவு எண்டு எழுதுங்கோ. சாலா 10.0, ஹாலண்ட் 9.5, பால்மர் 6.0. மூண்டும் 25.5. மிச்சம் 12 பேருக்கும் சேர்த்து 10.5 தான் இருக்கு, அதில 8 பேர் ஒவ்வொரு கிழமையும் உங்கட பதினொன்றில இறங்கவேண்டியவை. உங்கட டீம் இறுகினது இதாலதான். பால்மர் கெட்டிக்காரன், அதில மறுபேச்சில்லை. ஆனால் கப்டனுக்குத்தான் இரட்டைப் புள்ளி, அந்தப் பட்டியை ஒரு கிழமைக்கு ஒருத்தருக்குத்தான் கட்டலாம். இரட்டைப் புள்ளி கிடைக்காத மூண்டாவது ஆளுக்கு 6.0 கூடக் குடுக்கிறது மிச்ச டீமைப் பட்டினி போடும்.

சாலாவைக் கழிக்கச் சொல்ல மனம் வராது. போன சீசன் 29 கோல், 18 அசிஸ்ட், 344 புள்ளி. இந்த விளையாட்டில ஒரு சீசனில ஒருத்தர் எடுத்த ஆகக்கூடின புள்ளி அதுதான். விளிம்பில நிண்டு கோல் அடிக்கிறவரை மிட்பீல்டராப் போட்டிருக்கினம். மிட்பீல்டர் அடிச்சால் கோலுக்கு 5, போர்வேட் அடிச்சால் 4. தன்ர கிளப் கோல் வாங்காட்டி மிட்பீல்டருக்கு இன்னுமொரு 1. ஒரே விலையில ரெண்டு பேர் நிண்டால், முன்னுக்கு விளையாடுற மிட்பீல்டரை எடுங்கோ எண்டு சொல்லுறது இதுக்காகத்தான்.

பால்மர் இல்லாமல் இப்பிடிப் பிரிக்கலாம். கீப்பர் 5.0, 4.0. டிபென்டர் 6.0, 5.5, 5.0, 4.5, 4.0. மிட்பீல்டில சாலா, ஒரு 7.5, போர்ன்மத் செமென்யோ 7.0, சிற்றி ரைண்டர்ஸ் 5.5, பிறகு ஒரு 5.0. முன்னுக்கு ஹாலண்ட், செல்சி ஜோவோ பெட்ரோ 7.5, கடைசி ஆள் 4.5. மொத்தம் 99.5. மிஞ்சின 0.5ஐ வங்கியில விடுங்கோ. பிறகு ஒருத்தரை மாத்தேக்க 0.1 குறையுது எண்டு நிக்கிற நிலை வராது.

பெஞ்சைப் பற்றி. அந்த 4.5 போர்வேட் விளையாடாட்டியும் பரவாயில்லை, அவரைப் பெஞ்சில கடைசி இடத்தில வையுங்கோ. ஆனால் பெஞ்சின்ர முதல் ஆளும் ரெண்டாவது ஆளும் தங்கட கிளப்பில கட்டாயம் முதல் பதினொன்றில துவங்கிறவையா இருக்கவேணும். கிழமையில ஒருக்காப் பார்க்கிற ஆக்களுக்கு இதுதான் உயிர். உங்கட பதினொன்றில ஒருத்தர் ஒரு நிமிஷமும் விளையாடாட்டி, பெஞ்ச் வரிசைப்படி விளையாடின ஆள் தானாக உள்ள வருவார். ஒரு நிமிஷம் இறங்கினாலும் அவருக்கு 1 புள்ளி எழுதப்படும், மாற்று ஆள் வரமாட்டார். அதால கடைசி 10 நிமிஷம் மட்டும் இறங்கிற பெரிய பெயர்களை எடுக்காதேங்கோ. 60 நிமிஷம் தாண்டினால் 2 புள்ளி, தாண்டாட்டி 1. மலிவான ஆளைத் தெரியேக்க முதல் கேள்வி அவர் 60 நிமிஷம் நிப்பாரோ எண்டதுதான், திறமை அதுக்குப் பிறகு.

ஒட்டுசுட்டான்_பின்வரிசை:

மேலே உள்ள கணக்கு சரி. பின்களத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த 2025-26 சீசனில் விதி மாறியிருக்கிறது.

ஒரு டிபென்டர் ஒரு மட்சில் பந்தை அடித்து வெளியேற்றுவது, தடுப்பது, இடைமறிப்பது, டாக்கிள் செய்வது எல்லாம் சேர்த்து 10 வந்தால் அவருக்கு 2 புள்ளி. மிட்பீல்டருக்கும் போர்வேட்டுக்கும் 12 வேண்டும், ஆனால் அவர்களுக்கு விடுபட்ட பந்தை மீட்டெடுப்பதும் எண்ணிக்கையில் சேரும். 20 தடவை செய்தாலும் ஒரு மட்சுக்கு 2 புள்ளிதான். கீப்பருக்கு இது கிடையாது.

இதனால் மலிவு டிபென்டரைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாறுகிறது. முன்பு 4.0, 4.5 விலையில் முன்னேறி ஓடும் விளிம்பு டிபென்டரைத் தேடினோம். இப்போது அதே விலையில் நடுவில் நிற்கும் சென்டர் பேக்கை எடுப்பது நல்லது. பலவீனமான கிளப்பின் பெட்டிக்குள் பந்து ஓயாமல் வரும், அதைத் தலையால் அடித்து வெளியேற்றுவது அவர்தான். பேர்ன்லியின் எஸ்டேவ் 4.0. அந்த விலையில் ஒவ்வொரு வாரமும் துவங்கக்கூடியவர் கிடைப்பது அரிது. அதே கிளப்பின் கீப்பர் டுப்ராவ்காவும் 4.0, இரண்டாவது கீப்பராக வைக்க அவர் போதும்.

ஆனால் கீழ் லீக்கில் இருந்து புதிதாக ஏறி வந்த கிளப்புகளின் பின்களத்தை நம்பிக் கோல் வாங்காத மட்சுகளை எண்ண வேண்டாம். பேர்ன்லி போன சீசன் சாம்பியன்ஷிப்பில் (பிரிமியர் லீக்குக்கு அடுத்த கீழ் லீக்) 46 மட்சில் 16 கோல்தான் வாங்கியது, 30 மட்சில் ஒன்றுமே வாங்கவில்லை. அந்த இலக்கத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. அப்போது கோலில் நின்ற டிராஃபோர்ட் சிற்றிக்குப் போய்விட்டார். அதோடு கடந்த இரண்டு சீசனிலும் ஏறி வந்த மூன்று கிளப்பும் அதே ஆண்டே இறங்கின. இரண்டு கோல் வாங்கினால் கீப்பருக்கும் டிபென்டருக்கும் 1 புள்ளி குறையும், நான்கு வாங்கினால் 2. ஆகவே எஸ்டேவைப் பெஞ்சில் வைத்து, இரண்டாம் வாரம் பேர்ன்லி சண்டர்லாண்டைத் தன் மண்ணில் சந்திக்கும் மட்சைப் போன்ற நாட்களில் மட்டும் இறக்குங்கள். முதல் வாரம் டொட்டன்ஹாம் மைதானத்தில், நான்காம் வாரம் லிவர்பூலோடு. அந்த நாட்களில் பெஞ்சே அவருக்கு ஏற்ற இடம்.

கீப்பருக்கு 5.0க்கு மேல் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று பந்து தடுத்தால் 1 புள்ளி என்பதால், அதிகம் தாக்கப்படும் நடுத்தரக் கிளப்பின் கீப்பர் கோல் வாங்கினாலும் ஓரளவு ஈடுகட்டுவார். இரண்டு 4.5 கீப்பரை வைத்து வாரம் மாற்றி மாற்றி இறக்குவதும் வீண். எந்த வாரம் யார் என்பதில்தான் பிழை வரும், உங்களைப் போல் வாரம் ஒருமுறை பார்ப்பவர்களுக்கு அது இன்னும் சிரமம்.

நெடுங்கேணி_9:

எனக்கு வேற கருத்து. சாலா, ஹாலண்ட் ரெண்டு பேரும் சேர்ந்து அடிவிலைக்கு மேல 19.5 எடுக்கினம். கையில இருக்கிற 36இல அரைவாசிக்கும் மேல. மட்ச் அட்டவணையைப் பாருங்கோ. லிவர்பூலுக்கு முதல் போர்ன்மத் சொந்த மண்ணில, பிறகு நியூகாசில் வெளியில, பிறகு ஆர்சனல். சிற்றிக்கு வுல்வ்ஸ் வெளியில, டொட்டன்ஹாம் உள்ள, பிரைட்டன் வெளியில. முதல் கிழமை சாலா கப்டன் எண்டால் ஹாலண்ட் சும்மா ஒற்றைப் புள்ளிக்கு நிக்கிறார். அந்த 9.5ஐ 6.5, 7.0, 7.5 மிட்பீல்டருக்குப் பிரிச்சால் பதினொன்றில ஓட்டை இருக்காது.

வவுனிக்குளம்_கப்டன்:

நெடுங்கேணி தம்பி சொல்லுறதில நியாயம் இருக்கு, அப்பிடிப் போகலாம். ஆனால் ஒரு சிக்கலையும் இரணைமடுத் தம்பி தெரிஞ்சு வைச்சிருக்க வேணும். சாலா மிட்பீல்டர், ஹாலண்ட் போர்வேட். ஒருத்தரை வைச்சிருந்து பிறகு மற்றவருக்கு மாற நினைச்சால் ஒரு மாற்றத்தில முடியாது. சாலாவை எடுத்து மலிவு மிட்பீல்டர் ஒருத்தரைப் போடவேணும், மலிவு போர்வேட்டை எடுத்து ஹாலண்டைப் போடவேணும். ரெண்டு மாற்றம். கிழமைக்கு ஒரு மாற்றம்தான் இலவசம், மேலதிகமா ஒண்டு செய்தால் 4 புள்ளி வெட்டு. அதால ஒருத்தரோட துவங்கிறதெண்டால், முதல் ரெண்டு கிழமை ஒண்டையும் மாத்தாமல் சேர்த்து வைச்சுக்கொண்டு பிறகு செய்யுங்கோ.

இன்னொரு விஷயம், உங்கட லீக்கில 12 பேர்தான். 12 பேரில 10 பேர் சாலாவைக் கப்டனாக்கி, அவர் அண்டைக்கு ஹட்ரிக் அடிச்சால், அவர் இல்லாத ஆள் அந்த ஒரு கிழமையிலேயே கீழ போயிடுவார். சின்ன லீக்கில எல்லாரும் வைச்சிருக்கிற ஆளை நீங்களும் வைச்சிருந்து, 6 தொடக்கம் 8 மில்லியன் ஆக்களில வித்தியாசம் காட்டுறது பாதுகாப்பு. நேருக்கு நேர் முறையில (ஒவ்வொரு கிழமையும் ஒருத்தரோட ஒருத்தர் மோதுறது) லீக் போட்டிருந்தால் இது இன்னும் முக்கியம்.

இரணைமடு_07:

நல்லா விளங்குது அண்ணை. பால்மரைக் கழிக்கிறம். டெட்லைன் எங்கட நேரத்துக்கு எத்தனை மணி? விலை ஏறி இறங்கிறதை ஒவ்வொரு நாளும் பார்க்கவேணுமோ?

வவுனிக்குளம்_கப்டன்:

கிழமையின்ர முதல் மட்சுக்கு 90 நிமிஷத்துக்கு முதல் பூட்டப்படும். 15ஆம் திகதி லிவர்பூல் மட்ச் அங்க இரவு 8:00, இங்க சனி அதிகாலை 12:30. அப்ப வெள்ளி இரவு 11:00க்கு டெட்லைன். சனி மத்தியான மட்சோட துவங்கிற கிழமைகளில எங்களுக்குப் பின்னேரம் 3:30. ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவினம், அதுக்குப் பிறகு 4:30. வெள்ளி மட்ச் இருக்கிற கிழமைகளில சனி பார்க்கலாம் எண்டு இருந்திடுறதுதான் வழமையான பிழை. வயலுக்குப் போற ஆக்கள் வியாழன் இரவிலயே கப்டனையும் உதவிக் கப்டனையும் போட்டு, பெஞ்ச் வரிசையையும் ஒழுங்காக்கிச் சேமிச்சிடுங்கோ. கப்டன் இறங்காட்டி உதவிக் கப்டனுக்கு இரட்டைப் புள்ளி போகும். அதால ரெண்டு பேரையும் ஒரே கிளப்பில இருந்து போடாதேங்கோ.

விலைக்குப் பின்னால ஓடவேண்டாம். 7.0க்கு வாங்கின ஆள் 7.3 ஆனால், விக்கேக்க உங்களுக்குக் கிடைக்கிறது 7.1 தான். ஏறினதில பாதி, அதையும் கீழ்ப்பக்கமா முழுசாக்குவினம். இறங்கினால் நட்டம் முழுக்க உங்கட தலையில. 0.1க்காகத் திங்கள் ஆளை மாத்தி, அவர் புதன் ஐரோப்பியப் போட்டியில காயப்பட்டால், அந்த மாற்றமும் போச்சு.

பாவிக்காத இலவச மாற்றங்களை 5 வரைக்கும் சேர்க்கலாம். விதைப்பு நேரத்துக்கு இது நல்ல வசதி. 3 கிழமை சும்மா இருந்திட்டு நாலாம் முறை 3, 4 பேரை ஒண்டா மாத்தினால் புள்ளி வெட்டு இல்லை. 4 புள்ளி வெட்டை ஏற்கிறதெண்டால், வெளிய போறவர் விளையாடவே மாட்டார் எண்டு உறுதியா இருக்கவேணும், உள்ள வாறவரும் குறைஞ்சது அடுத்த 3 கிழமைக்கு நல்ல மட்சுகள் உள்ளவரா இருக்கவேணும்.

ஒட்டுசுட்டான்_பின்வரிசை:

ஒன்றைச் சேர்த்துக் கொள்கிறேன். இந்த முறை வைல்ட்கார்ட் (புள்ளி வெட்டு இல்லாமல் எத்தனை பேரையும் மாற்றுவது), ஃப்ரீ ஹிட் (ஒரு வாரத்துக்கு மட்டும் டீமை மாற்றுவது), பெஞ்ச் பூஸ்ட் (பெஞ்சின் புள்ளியும் சேர்வது), ட்ரிப்பிள் கப்டன் (கப்டனுக்கு மூன்று மடங்கு புள்ளி) என்ற நான்கு சலுகைகளும் இரண்டு தடவை கிடைக்கும். முதல் நான்கையும் சீசனின் 19ஆம் மட்ச் வார டெட்லைனுக்குள் பாவிக்க வேண்டும், மிச்சம் பிடித்து வைக்க முடியாது. வைல்ட்கார்டை இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே பதறிப் போட வேண்டாம். எந்தப் பயிற்றுநர் யாரை இறக்குகிறார் என்பது தெரிய நான்கைந்து வாரம் எடுக்கும். வைல்ட்கார்ட் போட்டாலும் சேர்த்து வைத்த இலவச மாற்றங்கள் அழியாது.

டிசம்பர் 21இல் ஆபிரிக்கக் கிண்ணம் துவங்குகிறது. எகிப்து அழைத்தால் சாலா போய்விடுவார். அதற்காகவே 16ஆம் வாரத்துக்கு எல்லோருக்கும் இலவச மாற்றங்களை 5 ஆக நிரப்பி விடுகிறார்கள். ஏற்கெனவே 4 சேர்த்து வைத்திருப்பவருக்கு 1தான் கூடும். ஆகவே அதற்கு முந்திய வாரங்களில் கையில் உள்ள மாற்றங்களைச் செலவழித்து விடுங்கள்.