டர்ன்டேபிளில் உள்ள ஃபோனோ ஸ்டேஜா, ஆம்ப்ளிஃபயரில் உள்ளதா: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: கோவை_இசைத்தட்டு

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1960களிலிருந்து 1980களின் இறுதி வரை சேர்த்து வைத்த இசைத்தட்டுகள் இப்போது என் பொறுப்பில் உள்ளன. பெரும்பாலானவை ஹெச்.எம்.வி., இன்ரெகோ, எக்கோ ஆகிய நிறுவனங்களின் எல்பி, ஈபி தட்டுகள். கர்நாடக இசையும் திரையிசையும் ஏறக்குறையச் சரிபாதியாக இருக்கின்றன. இவை தவிர, தாத்தா வாங்கிய 78 சுழற்சித் தட்டுகளும் ஒரு மரப்பெட்டி நிறைய இருக்கின்றன, டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரமும் அவற்றில் உண்டு.

இவற்றைக் கேட்பதற்குப் புதிதாக ஓர் அமைப்பை உருவாக்க விரும்புகிறேன். நல்ல ஸ்பீக்கர்களும், லைன் உள்ளீடுகள் (ஏற்கெனவே பெருக்கப்பட்ட ஒலிக்கானவை) மட்டுமே கொண்ட ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரும் ஏற்கெனவே என்னிடம் உள்ளன. ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி120எக்ஸ் யுஎஸ்பி போல, ஃபோனோ ஸ்டேஜ் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியலையைப் பெருக்கிச் சமன் செய்யும் சுற்று) உள்ளேயே அமைந்த டர்ன்டேபிளை (இசைத்தட்டைச் சுழற்றி இசைக்கும் கருவியை) வாங்கி இந்த ஆம்ப்ளிஃபயரிலேயே இணைத்துவிடுவது ஒரு வழி. ரேகா பிளானர் 1 போன்ற, ஃபோனோ ஸ்டேஜ் இல்லாத டர்ன்டேபிளை வாங்கி, யமஹா ஏ-எஸ்501 அல்லது மராண்ட்ஸ் பிஎம்6007 போல எம்எம் (நகரும் காந்த வகை) ஃபோனோ உள்ளீடு கொண்ட ஆம்ப்ளிஃபயருக்கு மாறுவது இன்னொரு வழி. டெக்னிக்ஸ் எஸ்எல்-1500சி பற்றியும் ஒருவர் சொன்னார். அதிலும் ஃபோனோ ஸ்டேஜ் உள்ளேயே இருக்கிறது.

தனிப் பெட்டியாக ஒரு ஃபோனோ ஸ்டேஜை வைப்பதற்கு அலமாரியில் இடமில்லை. இன்னொரு அடாப்டரைச் செருக பிளக் பாயின்ட்டும் இல்லை. ஆகவே உள்ளமைந்த ஃபோனோ ஸ்டேஜ் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஒலிப்பொறி

வணக்கம் ஐயா. ஃபோனோ ஸ்டேஜ் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதைக் காட்டிலும், அது உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்னலையாக்கும் பகுதிக்கு) பொருந்துகிறதா என்பதும், வேண்டாதபோது அதை முழுமையாக விலக்கிவைக்க முடிகிறதா என்பதும்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபோனோ ஸ்டேஜ் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, பெருக்குவது. எம்எம் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் 3 முதல் 6 மில்லிவோல்ட் அளவுதான். ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜ் 4 மில்லிவோல்ட்டும் ஆர்ட்டஃபோன் 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட்டும் தருகின்றன. லைன் உள்ளீட்டுக்கு ஏற்றபடி இதை உயர்த்த 36 முதல் 40 டெசிபல் வரை, அதாவது 60 முதல் 100 மடங்கு வரை, பெருக்க வேண்டும். இரண்டாவது, ஆர்ஐஏஏ வளைவு என்ற பொது அளவின்படி ஒலியைச் சமன் செய்வது. தட்டில் பதிக்கும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள். இசைக்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டால், 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபல் கூட்டவும், 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய அதே அளவு குறைக்கவும் வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது வேலையை இன்று மிக மலிவான சுற்றுகளும் போதிய துல்லியத்துடன் செய்துவிடுகின்றன என்பதால், விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் ஆர்ஐஏஏ துல்லிய எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

வேறுபாடு தெரியும் இடங்களில் ஒன்று மின்தேக்கம் (கெபாசிட்டன்ஸ்), அதாவது கம்பியும் சுற்றும் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு. எம்எம் கார்ட்ரிட்ஜின் சுருளுக்கு மின்தூண்டல் (இண்டக்டன்ஸ்) அதிகம். அந்தச் சுருளும், கம்பிகளிலும் ஃபோனோ உள்ளீட்டிலும் உள்ள மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. விஎம்95இயின் மின்தூண்டல் 550 மில்லிஹென்றி. மொத்த மின்தேக்கம் 150 பிகோஃபாரட்டாக இருந்தால் ஒத்ததிர்வு 17.5 கிலோஹெர்ட்ஸ் அருகில் அமைந்து, பெரிதாக எதையும் கெடுக்காது. அதுவே 300 பிகோஃபாரட்டாகும்போது ஒத்ததிர்வு 12.4 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. 9, 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஓரிரு டெசிபல் மேடு எழுந்து, அதற்குமேல் ஒலி வேகமாகச் சரிகிறது. பாடகரின் ச, ஸ, ஷ ஒலிகள் சீறுவதும், ஜால்ராவின் ஓசை கூர்மையாகக் குத்திவிட்டு நீளாமல் அடங்குவதும் பல வீடுகளில் இதனால்தான். அதைக் கேட்டுவிட்டுத் தட்டு தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு ஆடியோ-டெக்னிகா பரிந்துரைப்பது 100 முதல் 200 பிகோஃபாரட் வரை. ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ உள்ளீட்டிலேயே 200 பிகோஃபாரட் இருந்து, டர்ன்டேபிளின் கம்பி இன்னும் 120 சேர்த்தால், எல்லையை எளிதில் தாண்டிவிடுவீர்கள்.

இன்னொன்று, சுற்று எவ்வளவு உரத்த ஒலியைத் தாங்கும் என்பது. கார்ட்ரிட்ஜின் மில்லிவோல்ட் கணக்கு நொடிக்கு 5 செ.மீ. என்ற பதிவு வேகத்துக்கு உரியது. உரத்த பகுதிகளில் அதன் ஐந்து மடங்கு வரை வரலாம். 5.5 மில்லிவோல்ட் கார்ட்ரிட்ஜ் அப்போது 27.5 மில்லிவோல்ட் தரும். அதை 100 மடங்கு பெருக்கினால் 2.75 வோல்ட். வெறும் 5 வோல்ட் மின்வழங்கலில் இயங்கும் சிறிய சுற்று 1.8 வோல்ட்டைக்கூடத் தாண்ட முடியாமல் அலையின் தலையை வெட்டிவிடும். கீறல் விழுந்த பழைய தட்டுகளில் இது மேலும் முக்கியம், ஏனென்றால் கீறலின் துடிப்பு இசையைவிடப் பெரிது; தாங்கும் திறன் போதாத சுற்றில் அந்த ‘டப்’ ஒலி நீண்டு பரவிக் கேட்கும், திறன் உள்ள சுற்றில் அது குறுகிக் கடந்து போகும். ஏடி-எல்பி120எக்ஸ் யுஎஸ்பியின் உள்சுற்று பெருக்கலை ஏறக்குறைய 36 டெசிபலுக்குள் வைத்திருப்பதை இந்தக் கோணத்தில் நான் நல்ல முடிவாகவே கருதுகிறேன்.

முழு அளவு மின்மாற்றி கொண்ட ஆம்ப்ளிஃபயர்களில் ஃபோனோ சுற்றுக்கும் தாராளமான மின்னழுத்தம் கிடைக்கிறது. மலிவான டர்ன்டேபிள்களின் உள்சுற்றுகளைவிட நான் அவற்றைப் பொதுவாக விரும்புவதற்கு இதுவே காரணம். ஆனால் அதற்காக மட்டும் ஆம்ப்ளிஃபயரையே மாற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஏடி-எல்பி120எக்ஸ் யுஎஸ்பியில் ஃபோனோ, லைன் என்று மாற்றும் சுவிட்ச் உண்டு. எஸ்எல்-1500சியில் இரண்டுக்கும் தனித்தனி வெளியீடுகளே உண்டு. இப்படிப்பட்ட டர்ன்டேபிளை வாங்கி உள்சுற்றுடன் தொடங்கினால், பிற்பாடு ஆம்ப்ளிஃபயரை மாற்றும்போது எதுவும் வீணாகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உள்சுற்றின் லைன் வெளியீட்டை ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ உள்ளீட்டில் செருகிவிடக் கூடாது. ஆர்ஐஏஏ சமன்பாடு இருமுறை நடந்து, ஒலி சிதைந்து மந்தமாகிவிடும்.

மறுமொழி: திருச்சி_வானொலி

நண்பர் ஒலிப்பொறியின் விளக்கம் தெளிவாக இருந்தாலும், டர்ன்டேபிளுக்குள் இருக்கும் ஃபோனோ ஸ்டேஜுக்கு அவர் உரிய மதிப்பைத் தரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கார்ட்ரிட்ஜிலிருந்து ஃபோனோ சுற்று வரையிலான கம்பிதான் இந்த அமைப்பு முழுவதிலும் மிக நலிந்த பகுதி. டர்ன்டேபிளுக்குள்ளேயே பெருக்கிவிட்டால் அந்தத் தூரம் ஊசியைத் தாங்கும் கைக்குள் ஓடும் கம்பியின் நீளத்தோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் லைன் அளவில் போகும் ஒலியை மூன்று மீட்டர் கம்பி வழியாகவும் தயக்கமின்றிக் கொண்டுபோகலாம். அவர் கணக்கிட்டுக் காட்டிய மின்தேக்கச் சிக்கலும் இதில் பெருமளவு தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் டர்ன்டேபிளைத் தயாரித்தவருக்கு உடன்வரும் கார்ட்ரிட்ஜ் எது, உட்கம்பி எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும். ஆம்ப்ளிஃபயரைத் தயாரித்தவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

இரைச்சலையும் மறக்கலாகாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ஆர்ஐஏஏ வளைவு அந்த இடத்தில் ஏறக்குறைய 17 டெசிபல் கூட்டுகிறது. ஆகவே கம்பியில் நுழையும் சிறு ஹம்மும் (மின்சார ரீங்காரமும்) பெரிதாகிவிடும். எர்த் சரியாக இல்லாத பழைய வீடுகளில் தனிப் பெட்டிகள் கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடுவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ உள்ளீட்டைப் பயன்படுத்துவதாக இருந்தால், டர்ன்டேபிளின் எர்த் கம்பியை ஆம்ப்ளிஃபயரின் ஜிஎன்டி திருகில் கட்டாயம் இணைக்க வேண்டும். டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபயரின் மின்மாற்றிக்கு மேலேயோ ஒட்டியோ வைக்கவும் கூடாது. அலமாரியில் இடம் குறைவு என்று சொல்கிறீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர்: கோவை_இசைத்தட்டு

இருவருக்கும் மிக்க நன்றி. நான் பார்த்த ஆம்ப்ளிஃபயர்களின் கையேடுகளில் ஃபோனோ உள்ளீட்டுக்கு 47 கிலோஓம் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், மின்தேக்கம் குறிப்பிடப்படவில்லை. அதை எப்படி அறிவது? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பிற்காலத்தில் எம்சி (நகரும் சுருள் வகை) கார்ட்ரிட்ஜுக்கு மாற நினைத்தால் இந்த உள்ளமைந்த சுற்றுகள் உதவுமா?

மறுமொழி: ஒலிப்பொறி

47 கிலோஓம் என்பது எம்எம் உள்ளீடுகளுக்கு எங்கும் பொதுவான அளவு. அதிலிருந்து நீங்கள் எதையும் பிரித்தறிய முடியாது. மின்தேக்க அளவைக் கையேட்டில் தராதபோது, சர்வீஸ் மேனுவலின் சுற்றுப்படத்தில் ஃபோனோ உள்ளீட்டை ஒட்டித் தரையோடு இணைந்திருக்கும் சிறு மின்தேக்கியின் மதிப்பைப் பார்க்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால், அதிக மின்தேக்கத்தையும் ஏற்கும் கார்ட்ரிட்ஜைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதுகாப்பான வழி. ஆர்ட்டஃபோன் 2எம் ரெட்டுக்கு அதன் தயாரிப்பாளர் பரிந்துரைப்பது 150 முதல் 300 பிகோஃபாரட் வரை. எஸ்எல்-1500சியோடு உடன்வருவதும் இதுவே. கம்பியைக் கழற்றி மாற்றக்கூடிய டர்ன்டேபிளாக இருந்தால், மீட்டருக்கு இத்தனை பிகோஃபாரட் என்று வெளிப்படையாக அச்சிட்டு விற்கப்படும் குட்டையான கம்பியை வாங்குங்கள். திருச்சி நண்பர் சொன்ன கம்பித் தூரம் பற்றிய கருத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்த நன்மை உடன்வரும் கார்ட்ரிட்ஜ் இருக்கும் வரைதான், அதை மாற்றிய நாளிலிருந்து கணக்கையும் மறுபடி பார்க்க வேண்டும்.

எம்சி பற்றிய உங்கள் கேள்விக்கு விடை சுருக்கமானது: உதவாது. டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட்தான், அதற்கு 60 டெசிபல் அளவு, அதாவது 1000 மடங்கு, பெருக்கல் தேவைப்படும். நீங்கள் குறிப்பிட்ட எல்லாமே எம்எம் கார்ட்ரிட்ஜுக்கு மட்டும் உரியவை. எம்சி உங்கள் உண்மையான விருப்பமாக இருந்தால், அந்தச் சமயத்தில் தனிப் பெட்டியைத் தவிர்க்க இயலாது. இல்லையென்றால் அந்தப் பணத்தை நல்ல ஊசிக்குச் செலவிடுங்கள். விஎம்95 வரிசையில் ஊசியை மட்டும் உருவி மாற்றலாம் என்பதால், நீள்வட்ட ஊசியிலிருந்து, பள்ளத்தை இன்னும் நுட்பமாகப் படிக்கும் மைக்ரோலைன் ஊசிக்குப் போவது எளிது. தட்டின் உள்வட்டத்தில், கச்சேரிப் பக்கங்கள் முடியும் இடத்தில், ஃபோனோ ஸ்டேஜை மாற்றினால் கிடைப்பதைவிட இதனால் தெளிவு கூடுதலாகக் கிடைக்கும்.

மறுமொழி: பழந்தட்டு_சேகரம்

இதுவரை யாரும் தொடாத 78 சுழற்சித் தட்டுகளைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் தேர்வை உண்மையில் முடிவுசெய்வது அந்த மரப்பெட்டிதான் என்பது என் எண்ணம். ரேகா பிளானர் 1 டர்ன்டேபிளில் 33⅓, 45 சுழற்சிகள் மட்டுமே உண்டு. ஏடி-எல்பி120எக்ஸ் யுஎஸ்பி, எஸ்எல்-1500சி ஆகிய இரண்டிலும் 78 இருக்கிறது. ஆகவே உங்கள் முதல் வழியே பொருத்தமானது.

எல்பிக்கு உரிய ஊசியை 78 தட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். எல்பி ஊசியின் முனை ஆரம் 18 மைக்ரோமீட்டர் அளவு. 78 தட்டின் பள்ளத்துக்கு அதன் ஏறக்குறைய நான்கு மடங்கு, 76 மைக்ரோமீட்டர் அளவு வேண்டும். சிறிய ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கையும் தேய்மானத்தையும்தான் படிக்கும். விஎம்95 வரிசையில் 78க்கென்றே எஸ்பி என்ற ஊசி கிடைக்கிறது. அதற்கு ஏறத்தாழ 5 கிராம் எடை வைக்க வேண்டும். எல்பிக்கு மாறும்போது 2 கிராமுக்குத் திரும்ப மறக்கக் கூடாது.

இனி ஃபோனோ ஸ்டேஜ். ஆர்ஐஏஏ வளைவு 1950களின் நடுவில்தான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய தட்டுகளை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குரிய முறையில் வெட்டியது; பெரும்பாலானவற்றில் ஆர்ஐஏஏ அளவுக்கு உயர்ந்த ஒலிகளைக் கூட்டியிருக்கவில்லை. உள்ளமைந்த சுற்றோ 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபலைக் குறைத்துவிடும். கூட்டாததைக் குறைத்தால் நாகஸ்வரத்தின் சீவாளி ஓசை மங்கி, தவிலின் வலந்தலை அடி கூர்மை இழக்கும். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பைத் துணி போர்த்தியது போலக் கேட்பது அவருக்கும் நமக்கும் நியாயமாகாது. வளைவை மாற்றிக்கொள்ளும் தனிச் சாதனங்கள் உண்டு என்றாலும், உங்களுக்கு இடமில்லாததால் வேறொரு வழி சொல்கிறேன். ஏடி-எல்பி120எக்ஸ் யுஎஸ்பியின் யுஎஸ்பி வெளியீட்டைக் கணினியில் இணைத்து 78 தட்டுகளைப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவில் ஆர்ஐஏஏ சமன்பாடு ஏற்கெனவே நடந்திருக்கும் என்பதால், ஒலித்தொகுப்பு மென்பொருளில் முதலில் அதைத் தலைகீழாக்கிவிட்டு, பிறகு தட்டுக்கேற்ற வளைவைச் செலுத்துங்கள். தாழ்ந்த ஒலிகளைக் கூட்டத் தொடங்கும் புள்ளியை (டர்ன்ஓவர்) 250 ஹெர்ட்ஸிலும் 500 ஹெர்ட்ஸிலும் வைத்துக் கேட்டு, சுருதிப்பெட்டியின் ஒலி இயல்பாக அமையும் அளவில் நிறுத்திக்கொள்ளலாம். இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து மோனோவாக்கிவிட்டால், தட்டின் மேலும் கீழுமான அசைவால் வரும் இரைச்சல் கணிசமாகக் குறையும்.

கோவை நண்பர் தட்டுகளின் பெயர்ப்பட்டியையும் (லேபிள்) தட்டில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்களையும் படமெடுத்து இங்கே பதிந்தால், எந்தத் தட்டு எந்தக் காலத்தியது, எந்த வளைவில் தொடங்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.