சரக்குப் பெட்டியும் சீலைப்பேனும்: முன்னாள் படைவீரர்களின் கேலிச் சங்கங்கள் வெறும் கூத்தா?

தண்டவாளம்:
கௌரவச் சங்கம் என்றதும் வாளும் பதக்கமும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்க முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜியனுக்குள் 1920 மார்ச்சில் பிலடெல்பியாவில் ஜோசப் பிரீனும் கூட்டாளிகளும் தொடங்கிய ‘ஃபார்ட்டி அண்ட் எய்ட்’ (நாற்பதும் எட்டும்) என்ற உட்சங்கம் பெயர் எடுத்துக்கொண்டதோ ஒரு சரக்குப் பெட்டியிலிருந்து. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பிரான்சில் போர்முனைக்குப் போனது அங்கத்திய நாலு சக்கர மூடுபெட்டிகளில்தான். பெட்டிமேல் ‘ஓம் 40, ஷெவோ ஆன் லோங் 8’ என்று எழுதியிருக்கும். ஆள் ஏற்றினால் நாற்பது, நீளவாக்கில் நிறுத்தினால் குதிரை எட்டு. அந்த நீளவாக்குதான் விஷயம். கதவு நடுவில் இருப்பதால் இரு கோடியிலும் நான்கு நான்கு குதிரைகள், தலை நடுப்பக்கம் பார்க்க நிற்கும். பெட்டி சுமார் 20 அடி நீளம், 8 அடி அகலம். மூட்டை முடிச்சு, துப்பாக்கியோடு ஆளுக்கு நாலு சதுர அடி. எல்லோரும் ஒரே நேரத்தில் கால் நீட்ட வழியே இல்லை.

அந்தப் பயணத்தையே பட்டமாக்கிக்கொண்டார்கள். கிளைக்குப் பெயர் ‘வுவாத்யூர்’, அதாவது வண்டி. உறுப்பினர் பயணி. கிளைத் தலைவர் ‘ஷெஃப் த கார்’, நம்மூர்க் கணக்கில் ஸ்டேஷன் மாஸ்டர். புது ஆளைச் சேர்க்கும் சடங்கு ‘ரெக்’, ரயில் விபத்து!

ஈர்கொல்லி:
பெட்டி சரி. ஆனால் கேலியில் அதே 1920 செப்டம்பரில், வெளிநாட்டுப் போர்களில் பங்கேற்ற அமெரிக்க முன்னாள் வீரர்களின் வி.எஃப்.டபிள்யூ. அமைப்புக்குள் பிறந்த ‘மிலிட்டரி ஆர்டர் ஆஃப் தி கூட்டி’யை மிஞ்ச ஆளில்லை. கூட்டி என்றால் சீலைப்பேன். தலைப்பேன் வேறு, இது வேறு. உடம்பில் குடியிருக்காது, துணியின் தையல் மடிப்பில் ஒளிந்திருந்து, பசிக்கும்போது வந்து கடித்துவிட்டுத் திரும்பிப் போகும். அதனால்தான் தலைவரின் பட்டம் ‘சீம் ஸ்குவிரல்’, தையல் அணில். கிளை ‘பப் டென்ட்’, சிப்பாயின் சின்னக் கூடாரம். மாநாட்டுக்கு ‘ஸ்கிராட்ச்’, சொறிதல். பதுங்குகுழியில் கிடந்தவனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பெயர் தோன்றியிருக்காது.

கரும்பலகை:
எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதுங்குகுழிக் காய்ச்சலைப் பரப்புவது இந்தப் பேன்தான் என்று 1918இல் நிறுவியாகிவிட்டது. கடியைவிட ஆபத்து பேனின் எச்சம். சொறியும்போது கீறலில் தேய்ந்து உள்ளே போகிறது. கால் எலும்பில் வலி, விட்டுவிட்டுத் திரும்பும் காய்ச்சல், வாரக்கணக்கில் படுக்கை. ஆயிரக்கணக்கானோரைச் சாய்த்த பூச்சியைத் தொப்பியில் குத்திக்கொண்டு கூத்தடிப்பதற்குப் பெயர் கௌரவமா?

ஈர்கொல்லி:
அந்தப் பூச்சியோடு மல்லுக்கட்டியவன் வைத்த பெயர் அது, வெளியாள் வைத்ததல்ல. சட்டையைக் கழற்றி, மெழுகுவத்திச் சுடரைத் தையலோரம் ஓட்டுவார்கள். வேகமாக ஓட்டினால் பேன் மட்டும் பொரியும், ஈர் தப்பிக்கும். மெதுவாக ஓட்டினால் நூல் கருகித் தையல் பிரியும். தப்பிய ஈர் உடம்புச் சூட்டில் ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்துவிடும். நீராவிப் பெட்டியில் துணி முழுவதையும் அவித்தால்தான் விடிவு. அவித்த துணியோடு பழைய பதுங்குகுழிக்கே திரும்பினால் மறுபடி முதலிலிருந்து. இதைச் சிரித்துத்தான் கடக்க முடியும். அந்தச் சிரிப்பைத்தான் மருத்துவமனை வார்டுக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளைப் படுக்கையில் கிடப்பவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே இரு என்பதுதான் கூட்டிகளின் முழக்கம்.

கரும்பலகை:
வார்டு வேலையை நான் குறை சொல்லவில்லை, கூட்டியை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘ஃபார்ட்டி அண்ட் எய்ட்’டுக்குப் பதில் வேண்டும். அதன் விதியிலேயே ‘வெள்ளையர்’ என்ற சொல் இருந்தது. தாய்ச்சங்கமான லீஜியனில் கறுப்பின வீரர்கள் உறுப்பினர்கள், உட்சங்கத்தில் இடமில்லை. 191 நாள் முன்னணியில் நின்ற 369ஆம் காலாட்படை கறுப்பினப் படை. பெட்டிமேல் ‘ஓம் 40’ என்றுதான் எழுதியிருந்தது, நிறம் எழுதவில்லை.

தண்டவாளம்:
மறுக்க முடியாது. அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி லீஜியன் தலைமை நெருக்கியது; 1960இல் இவர்கள் பிரிந்து தனிச் சங்கமானதற்கு அதுதான் காரணம். விதி மாற எழுபதுகள் ஆயிற்று. ஆனால் அழைத்தால் மட்டுமே சேரலாம் என்ற ஏற்பாட்டுக்கு வேறு பயனும் உண்டு. லீஜியனில் ஓடியாடி வேலை செய்பவரைத்தான் அழைத்தார்கள், அதனால் பணிகள் நடந்தன. செவிலியர் படிப்புக்குப் பண உதவி தந்தார்கள். லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் நோயாளிகளே நடத்திய ‘தி ஸ்டார்’ இதழுக்குத் துணை நின்றார்கள்.

1949 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்காவுக்கு நன்றிப் பரிசாக அனுப்பிய இதே மாதிரி 49 சரக்குப் பெட்டிகளையும் பாருங்கள். 48 மாநிலத்துக்கு ஒவ்வொன்று. மிச்சம் ஒன்று வாஷிங்டனுக்கும் ஹவாய்க்கும் பொது. இருப்புப்பாதை அகலம் இரு நாட்டிலும் ஒன்றே, ஆனாலும் ஓட்ட முடியாது. பிரெஞ்சுப் பெட்டியில் கொக்கியும் திருகு இணைப்பும், அமெரிக்காவில் தானே கவ்விக்கொள்ளும் இணைப்பு. அதனால் திறந்த தட்டை வண்டிமேல் தூக்கி வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பிறகு பல மாநிலங்களில் அவற்றைப் பழுதுபார்த்துக் காப்பாற்றியது இந்த ‘ஸ்டேஷன் மாஸ்டர்’கள்தான்.

கரும்பலகை:
பெட்டியைக் காப்பாற்றியதற்கு நன்றி. 1949இல் அந்தப் பெட்டிக்கு வண்ணம் அடித்த சங்கத்தில் அந்த 369ஆம் படைக்காரன் சேர முடியாது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ‘வேலை செய்பவரை அழைத்தோம்’ என்பதும் ‘வெள்ளையரை மட்டும் அழைத்தோம்’ என்பதும் ஒரே விதிப்புத்தகத்தில் இருந்தவை.

ஈர்கொல்லி:
இதில் நான் கரும்பலகை பக்கம். பேன் ஆள் பார்த்துக் கடிக்கவில்லை.